நிறுத்தங்களை யார் குறிப்பது?

தியானப் பகுதி: லூக்கா 2:41–52, மாற்கு 5:21–43



சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்தபின் வாலிபர் ஐக்கியத்துப் பிள்ளைகள் சிலர் என்னிடம் வந்தார்கள். "ஐயா, இன்னொரு தடவை கொல்கத்தா போகலாமா? டிராம் வண்டியை நிறுத்திவிடப் போகிறார்களாம். அதற்குள் போய்விட வேண்டும்" என்றார்கள். அருகில் நின்றிருந்த மூப்பர் ஒருவர் சிரித்துக்கொண்டே, "சைக்கிள் முந்திக்கொண்டு போகிற வண்டியில் ஏறவா இத்தனை ஆயிரம் செலவு? இங்கே பூவிருந்தவல்லிக்கு மெட்ரோவே வருகிறதே!" என்றார். இரு தரப்பாருக்கும் நான் அப்போது பதில் சொல்லவில்லை. இந்த வாரத் தியானமே அந்தப் பதில்.

டிராம் நம் ஊருக்கு அந்நியமான வண்டியன்று. இந்தியாவிலேயே முதன்முதலாக மின்சார டிராம் ஓடியது சென்னையில்தான். அது 1895 மே 7. மவுண்ட் ரோட்டிலும் பாரிமுனையிலும் ஐம்பத்தெட்டு ஆண்டுகள் ஓடி, நட்டத்தில் மூழ்கி, 1953 ஏப்ரல் 12 அன்று அது நின்றது. நம் தாத்தா பாட்டிமார் அதில் ஏறியவர்கள். நம்மில் எத்தனை பேர் அவர்களிடம் அதைக் கேட்டுவைத்தோம்? கொல்கத்தாவிலோ, 1873 பிப்ரவரி 24 அன்று குதிரைகள் இழுக்கத் தொடங்கிய டிராம், 1902-இல் மின்சாரத்துக்கு மாறி, இன்றைய தலைமுறை வரைக்கும் வந்து சேர்ந்தது. எனவேதான் 2024-ஆம் ஆண்டு பொங்கல் விடுமுறையை ஒட்டி, திருமழிசையிலிருந்து பதினொரு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அங்கே போனோம். ஒரு நாள் செராம்பூருக்கு; ஒரு நாள் டிராமுக்கு.

செராம்பூர் எனக்கு ஒரு கடன். என் இறையியல் பட்டச் சான்றிதழில் அந்த ஊரின் பெயர்தான் இருக்கிறது. வில்லியம் கேரியும் அவருடைய உடன் ஊழியர்களும் 1818-இல் தொடங்கிய கல்லூரியின் ஆட்சிமன்றமே இன்றும் நம் நாட்டின் போதகர்கள் பலருக்குப் பட்டம் அளிக்கிறது. நம் தரங்கம்பாடியைப் போலவே அதுவும் அந்நாளில் டேனியர் ஆட்சியில் இருந்த ஊர். அங்கே போன நாள் திட்டமிட்டபடியே நடந்தது. ஆகவே அதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. டிராம் நாளைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே நான் ஒரு பட்டியல் தயாரித்தேன். வடக்கே ஷியாம்பஜாரில் ஏறி, பிதான் சரணி வழியாகக் கல்லூரித் தெருவைக் கடந்து, எஸ்பிளனேடில் இறங்குகிற தடம் அது. அந்தத் தடத்தில் ஒன்பது நிறுத்தங்களைக் குறித்திருந்தேன். ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிடம். எங்கே இறங்குவது, யாரைப் பற்றிப் பேசுவது, எந்தப் பாடலைப் பாடுவது என்பதுவரை எழுதியிருந்தேன். சனிக்கிழமை கூடுகையில் அதைப் படித்துக் காட்டினேன். எல்லோரும் அமைதியாகக் கேட்டார்கள். அந்த அமைதியை நான் ஆர்வம் என்று எண்ணிக்கொண்டேன். முடிவில் பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: "ஐயா, இதில் எங்களுடைய நிறுத்தம் எது?"

அந்தக் கேள்வி என்னைக் குத்தியது. ஒன்பது நிறுத்தங்களும் என்னுடையவை. நான் படித்த சபை வரலாறு, நான் பார்க்க விரும்பிய கட்டடங்கள், நான் சொல்ல விரும்பிய பாடங்கள். பிள்ளைகள் அதில் பயணச் சுமைகளே.

பட்டியல் வேறு வகையிலும் தவறானது. டிராம் என்பது நாம் வாடகைக்குப் பிடிக்கிற சுற்றுலாப் பேருந்து அன்று. நாம் இறங்கினால் அது நமக்காகக் காத்திருக்காது, போய்விடும். வண்டிகள் குறைந்துவிட்டதால் அடுத்தது எப்போது வரும் என்று யாராலும் உறுதி கூற முடியாது. ஆகவே ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு விலை உண்டு. ஒன்பது இடங்களில் இறங்கினால் பாதி நாள் தெருவோரத்தில் நிற்க வேண்டியதுதான். கழிவறை எங்கே, குடிநீர் எங்கே, வெயில் ஏறுமுன் பிள்ளைகள் எங்கே சாப்பிடுவார்கள் என்பவற்றை நான் எழுதவே இல்லை. யவீருவின் மகளை உயிரோடு எழுப்பியபின் ஆண்டவர் சொன்ன அடுத்த காரியம், அந்தச் சிறுமிக்குச் சாப்பிடக் கொடுங்கள் என்பதே. போதகருக்கு மறந்துபோவது மீட்பருக்கு மறப்பதில்லை.

பட்டியலைக் கிழித்துவிட்டு மீண்டும் உட்கார்ந்தோம். இம்முறை பிள்ளைகளோடு. ஒன்பது மூன்றாயிற்று. இரண்டை அவர்கள் தெரிந்துகொள்வார்கள். ஒன்றை மட்டும் எனக்கு வைத்துக்கொண்டேன். எந்த இடமானாலும், அதைக் குறித்துப் படித்துவந்து மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியவர் பிள்ளைகளில் ஒருவர். இருவர் இருவராகச் சேர்ந்தே நடக்க வேண்டும். ஒவ்வொரு குழுவுக்கும் பெரியவர் ஒருவர். இறங்கும்போதும் ஏறும்போதும் எண்ணிக்கை. இவற்றில் பேச்சுவார்த்தைக்கு இடமில்லை என்று சொன்னோம், அவர்களும் ஏற்றார்கள். பிள்ளைகளிடம் விட்டுவிட்டால் கடைத்தெருவில்தான் நிறுத்துவார்கள் என்று பெற்றோர் ஒருவர் எச்சரித்தார். அவர்கள் தெரிந்துகொண்டவை இவை: ஒன்று, கல்லூரித் தெருவின் பழைய புத்தகக் கடைகள். மற்றொன்று, எஸ்பிளனேடு அருகே உள்ள திப்பு சுல்தான் மசூதி.

மசூதியா என்று எனக்கே வியப்பு. அதைக் கேட்ட தம்பியின் தாயாருக்கு ஊர் வேலூர். 1799-இல் திப்பு மாண்டபின் அவருடைய குடும்பத்தார் வேலூர்க் கோட்டையில்தான் காவலில் வைக்கப்பட்டார்கள். 1806 ஜூலையில் அங்கே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபின், அவர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்களில் இளைய மகன் 1842-இல் கட்டிய மசூதி அது. "எங்கள் பாட்டி வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் ஐயா, எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று பார்க்க வேண்டும்" என்றான். சிறைப்பட்டுப் போனவர்களின் வரலாற்றால் நிறைந்தது நம் வேதம். ஆனாலும் என் ஒன்பது நிறுத்தங்களில் அந்த இடம் இருந்ததில்லை.

எனக்கென்று நான் வைத்துக்கொண்டது ஹெதுவா. அங்கேதான் ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரி இருக்கிறது. அதை 1830-இல் தொடங்கிய அலெக்சாண்டர் டஃப், கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தபோது இருபத்து நான்கு வயது இளைஞர். வரும் வழியில் இருமுறை கப்பல் உடைந்தது. அவர் சேர்த்து எடுத்துவந்த புத்தகங்கள் ஏறக்குறைய எல்லாமே கடலோடு போயின. செமினரி நாட்களில் அவரைப் பற்றி நான் ஒரு கட்டுரை எழுதினேன். அந்த வாசலில் ஒருமுறை நிற்க வேண்டும் என்பது முப்பது ஆண்டு ஆசை.

குறித்த நாள் காலையில் ஷியாம்பஜாரில் ஏறினோம். மர இருக்கைகள், கம்பியிட்ட சன்னல்கள், ஓட்டுநர் காலால் மிதித்து ஒலிக்கும் மணி. ஹாதிபாகான் கடைத்தெருவைத் தாண்டிய சிறிது தூரத்தில் வண்டி நின்றது. தண்டவாளத்தின்மீது யாரோ ஒரு சரக்கு வேனை நிறுத்திவிட்டுப் போயிருந்தார்கள். பேருந்தானால் ஒதுங்கிப் போய்விடும். டிராமால் ஒதுங்க இயலாது. ஓட்டுநர் மணியை மிதித்தார், ஒருவரும் வரவில்லை. மீண்டும் மிதித்தார். பிறகு அவரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நிமிடம், பதினைந்து நிமிடம். என் நிறுத்தத்துக்குரிய நேரம் கரைந்துகொண்டிருந்தது.

அப்போது பக்கத்து இருக்கையிலிருந்த மகன், சன்னலுக்கு வெளியே பார்த்தபடியே, "ஐயா, ஒன்று சொல்லலாமா?" என்றான். அவன் பாடற்குழுவில் பாடுகிறவன். வேத வினாப் போட்டியில் பரிசு வாங்குகிறவன். "ஒரு வருடமாக எனக்கு ஜெபம் வரவில்லை ஐயா. கண்ணை மூடினால் ஒன்றும் இல்லை. அம்மா வருத்தப்படுவார்கள் என்றுதான் ஞாயிறுதோறும் வருகிறேன். உங்களிடம் சொல்லலாம் என்று நான்கைந்து முறை வந்தேன். ஒவ்வொரு தடவையும் நீங்கள் வேலையாக இருந்தீர்கள்."

இதை அவனுடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன். அவன் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். தயவுசெய்து யாரும் தேட வேண்டாம். வீட்டில் பிள்ளைகளை விசாரிக்கவும் வேண்டாம்.

என் நாவில் பதில்கள் தயாராக இருந்தன. சங்கீதங்களைக் குறித்து, வறட்சியின் காலங்களைக் குறித்து, விசுவாசத்தைக் குறித்து. அவற்றை முப்பது ஆண்டுகளாகப் பிரசங்கித்திருக்கிறேன். ஆனால் அந்த நேரத்தில் வேன்காரர் ஓடிவந்து வண்டியை எடுத்துவிட்டார். டிராம் நகர்ந்தது. இரண்டு நிமிடத்தில் ஹெதுவா. பிள்ளைகள் எழுந்தார்கள். அவனும் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "வாருங்கள் ஐயா, உங்கள் நிறுத்தம்" என்றான்.

உண்மையைச் சொல்ல வேண்டுமானால், என் கால்கள் அந்த வாசலுக்குத்தான் எழுந்தன. 'இரவு அறையில் பேசிக்கொள்ளலாம்' என்ற வார்த்தை உதடு வரை வந்தது. நான்கைந்து முறை அவனுக்குக் கிடைத்த பதிலும் ஏறக்குறைய அதுவாகத்தான் இருந்திருக்கும். மற்றவர்களை உடன் வந்த இரு ஆசிரியர்களோடு இறங்கச் சொல்லிவிட்டு, நான் அவனோடு உட்கார்ந்துகொண்டேன். எஸ்பிளனேடு வரை நாங்கள் இறங்கவில்லை. அங்கே மண் குவளையில் தேநீர் வாங்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் அமர்ந்திருந்தோம். அவன் பேசினான். நான் பிரசங்கிக்கவில்லை. "எனக்கும் அப்படி ஒரு காலம் இருந்தது, அப்போது எனக்காக வேறு சிலர் ஜெபித்தார்கள். உனக்கு வரும்வரை நான் ஜெபிக்கிறேன்" என்று மட்டும் சொன்னேன். அன்று அற்புதம் எதுவும் நடந்துவிடவில்லை. ஆனால் அந்நாள் முதல் அவன் என்னைத் தேடி வரும்போது, நான் வேலையாக இருப்பதில்லை.

மற்றவர்கள் வந்து சேர்ந்தபோது கைநிறையப் பழைய புத்தகங்கள். என் நிறுத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டிய பொறுப்பு, 'எங்களுடைய நிறுத்தம் எது' என்று கேட்ட அந்த மாணவிக்கே விழுந்திருந்தது. அவள் என்னிடம் வந்து அதை மறுபடியும் சொன்னாள். டஃபைப் பற்றி இரண்டு வரி. பிறகு நேராக, அங்கேயே உள்ள பெத்யூன் கல்லூரிக்குப் போய்விட்டாள். சந்திரமுகி பாசு என்ற வங்கக் கிறிஸ்தவப் பெண்ணைப் பற்றித்தான் அவள் பேச்சு. பெயரைக் கேட்டதும் பையன்கள் ரஜினி படத்தை நினைத்துச் சிரித்தார்களாம். "சிரித்து முடியுங்கள், காத்திருக்கிறேன்" என்றாளாம். இந்து அல்லாத மாணவிகளை அந்நாளில் பெத்யூன் பள்ளி சேர்த்துக்கொள்ளாததால், டஃப் நிறுவிய கல்விச்சாலையில் படித்தவர் சந்திரமுகி. 1883-இல் காதம்பினி கங்குலியோடு சேர்ந்து கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். இந்தியாவின் முதல் பெண் பட்டதாரிகள் அவர்கள் இருவரும். தமக்குக் கதவைத் திறக்காத அதே பெத்யூனுக்குப் பின்னாளில் முதல்வருமானார். நான் பேசியிருந்தால் டஃபைப் பற்றி இருபது நிமிடம் பேசி முடித்திருப்பேன். அந்த வாசலில் யார் பேச வேண்டுமோ அவள்தான் பேசினாள். இன்றுவரை அந்த வாசலை நான் பார்க்கவில்லை.

அன்பானவர்களே, லூக்கா இரண்டாம் அதிகாரத்தில் இயேசுவுக்கு வயது பன்னிரண்டு. பண்டிகை முடிந்து ஊர் திரும்பும்போது, பிள்ளை கூட்டத்தோடு வருகிறான் என்று நினைத்து யோசேப்பும் மரியாளும் ஒரு நாள் பயணம் வந்துவிடுகிறார்கள். அவர்கள் கவலையற்ற பெற்றோர் அல்லர். பிள்ளைக்காக எகிப்துவரை ஓடியவர்கள். ஆயினும் நல்ல கூட்டத்தோடுதானே இருக்கிறான் என்ற நம்பிக்கையில் ஒரு நாள் முழுவதும் திரும்பிப் பார்க்கவில்லை. நாமும் அப்படித்தான் இருக்கிறோம். பாடற்குழுவில் இருக்கிறான், ஞாயிறு பள்ளிக்குப் போகிறாள், நல்ல மதிப்பெண் வாங்குகிறார்கள். கூட்டத்தோடுதான் வருகிறார்கள் என்று நாம் நடந்துகொண்டே இருக்கிறோம். அந்த மகன் ஒரு வருடமாக என் ஆராதனையில், என் கண்முன்னே பாடிக்கொண்டுதான் இருந்தான்.

மாற்கு ஐந்தாம் அதிகாரத்தில் மற்றொரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை. சாகும் தறுவாயில் இருக்கிறாள். அவளுக்காகத்தான் இயேசு விரைந்து போகிறார். அதைவிட அவசரமான காரியம் எது? ஆயினும் நெருக்கும் கூட்டத்தில் ஒரு பெண் அவருடைய வஸ்திரத்தைத் தொட்டபோது அவர் நின்றார். அவள் உண்மையை எல்லாம் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். அருகில் நின்ற யவீருவின் நெஞ்சு எப்படித் துடித்திருக்கும்! நிற்பதற்கு விலை உண்டு என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்தே நின்றார். தாமதமான பின்னும் அந்தச் சிறுமியின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்.

ஆகவே திட்டமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இஸ்ரவேலர் இறங்கிய இடங்களையெல்லாம் மோசே ஒவ்வொன்றாக எழுதிவைத்தார் என்று எண்ணாகமம் 33 கூறுகிறது. தண்டவாளம் இல்லாமல் டிராம் ஓடாது. பிள்ளைகள் செல்ல வேண்டிய தடத்தைப் பெற்றோரும் சபையும் உறுதியாக இட்டுத்தான் ஆக வேண்டும். அதில் நான் ஒருபோதும் தளரமாட்டேன். ஆனால் அந்தத் தடத்தில் எங்கே நிற்பது என்பதையும் நாமே முழுவதும் நிரப்பிவிட்டால், அவர்களுடைய பயணம் அதில் எங்கே இருக்கிறது? காலை ஐந்தரைக்குப் பயிற்சி வகுப்பு, பிறகு பள்ளி, மாலையில் டியூஷன், ஞாயிறன்று ஆராதனை, பாடற்பயிற்சி, வேத வினா. நாள் முழுவதும் நாம் குறித்த நிறுத்தங்கள். "ஒன்று சொல்லலாமா?" என்று கேட்க அவர்களுக்கு ஒரு வேன் வந்து வழிமறிக்க வேண்டியிருக்கிறது.

என் தவற்றிலிருந்தே தொடங்குகிறேன். வாலிபர் கூடுகையின் ஒன்றரை மணி நேரத்தையும் நான் நிகழ்ச்சிகளால் நிரப்பிவந்தேன். அடுத்த மாதம் முதல் கடைசி அரைமணி நேரம் காலியாக இருக்கும். நான் அங்கே உட்கார்ந்திருப்பேன். யாரும் வராவிட்டாலும் இருப்பேன். பெற்றோரிடம் ஒன்று கேட்கிறேன். வாரத்தில் ஒரு நாள், பூவிருந்தவல்லி வரைக்குமாவது பிள்ளையோடு பேருந்தில் போய்வாருங்கள். கைப்பேசி பைக்குள் இருக்கட்டும். எங்கே இறங்கலாம் என்று பிள்ளையைக் கேளுங்கள். மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்காதீர்கள். அவர்கள் ஒன்றும் பேசாமலேயே திரும்பலாம், மறுவாரமும் போங்கள்.

மூப்பருடைய கேள்விக்கும் இதுவே பதில். சைக்கிள் முந்திக்கொண்டு போகிற வண்டி என்பது சரியே. மெட்ரோ வரட்டும்; நன்றியோடு ஏறுவோம். ஆனால் பிள்ளைகளோடு மெதுவாகப் போக ஒரு வண்டி தேவைப்பட்டது; நமக்கு அகப்பட்டது அது.

எங்கள் பயணத்துக்குப் பின், 2024 செப்டம்பரில், எஸ்பிளனேடுக்கும் மைதானத்துக்கும் இடையிலான சிறு தடத்தைத் தவிர மற்ற டிராம்களை நிறுத்திவிடப்போவதாக மேற்கு வங்க அரசு அறிவித்தது. பழைமையைக் காக்க விரும்புகிறவர்கள் வருந்துகிறார்கள். எனக்கு அந்தச் செய்தியில் வேறொன்று தோன்றியது. அன்று அந்த வண்டியில் இருந்த பதினொரு பேரில் நால்வர் இப்போது வெளியூர்க் கல்லூரிகளில் இருக்கிறார்கள். பதின்பருவமும் அப்படிப்பட்ட ஒரு தடம்தான். அது நிற்கப்போகிற நாள் நமக்கு முன்னமே தெரியும். இருந்தும் நாளை ஏறிக்கொள்ளலாம் என்று இருந்துவிடுகிறோம்.

எனவே பிள்ளைகளே, உங்களுக்கு என் பதில்: போவோம். எந்தத் தடம் ஓடுகிறதோ அதில் போவோம். நிறுத்தங்களை இம்முறை நீங்களே குறித்துக்கொண்டு வாருங்கள். எனக்கென்று ஒன்றும் வேண்டாம். ஹெதுவா வழியாக வண்டி ஓடினால், சன்னலிலிருந்து பார்த்துக்கொள்கிறேன்.

ஜெபம்: எங்களோடு வழிநடந்து வருகிற ஆண்டவரே, எங்கள் அவசரங்களை நீர் அறிந்திருக்கிறீர். கூட்டத்தின் நடுவே எங்கள் பிள்ளைகள் எங்களைத் தொடும்போது நின்று திரும்ப எங்களுக்குக் கிருபை தாரும். ஜெபிக்க வார்த்தை வராத ஒவ்வொரு பிள்ளைக்காகவும் நீரே பரிந்து பேசும். எங்கள் பட்டியல்களை உமது கரத்தில் வைக்கிறோம். அடித்துத் திருத்த வேண்டியவற்றை நீரே திருத்தும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்